பழைய நேரம், புதிய நேரம்: என் தந்தையாரின் ஒமேகா மணிக்கூடு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மணி ஒலித்தால் எங்கள் தந்தையார் முதலில் கைகூப்புவார். அடுத்த கணமே இடது கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பார். "சரி" என்று ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வரும். மணிக்கூடு கோயிலோடு ஒத்துப்போகிறது என்பதா, கோயில் மணிக்கூட்டோடு ஒத்துப்போகிறது என்பதா அந்தச் சொல்லின் பொருள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அலங்காரக் கந்தனின் சந்நிதியில் பூசை ஒரு நிமிடமும் பிந்தாது என்பது யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிந்தது. இருபத்தைந்து நாள் மகோற்சவத்தின் கொடியேற்றம் முற்பகல் 10 மணி என்றால் 10 மணிதான். அந்த ஊரில் நேரம் பார்த்து வாழ்ந்த ஒருவருடைய கைமணிக்கூட்டின் கதையை இங்கே எழுத விரும்புகிறேன். அது ஓடிய கதையும் நின்ற கதையும் பின்னர் என் வீட்டு மேசையில் மீண்டும் ஓடத் தொடங்கிய கதையும் இந்த மண்ணின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால், இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது அன்று என்றே நினைக்கிறேன்.

மணிக்கூடு வருமுன்னரும் நல்லூரில் நேரக் கணக்கு இருந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் 'செகராசசேகரமாலை' என்னும் சோதிட நூல் எழுந்தது என்றால், அந்த அரசவையில் நாளும் கோளும் நாழிகையும் எவ்வளவு கருத்தோடு கணிக்கப்பட்டன என்பதை ஊகிக்கலாம். இன்றும் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் இல்லாத யாழ்ப்பாணத்து வீடுகள் குறைவு. ஆனால் பஞ்சாங்கத்தின் நேரம் சூரியனைப் பின்பற்றுவது. மணிக்கூட்டின் நேரம் அரசாங்கத்தைப் பின்பற்றுவது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

இதைச் சற்று விளக்கவேண்டும். நல்லூர் கிழக்கு நெடுங்கோடு 80 பாகைக்கு அருகில் உள்ளது. பாகை ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், நல்லூரின் சூரிய நேரம் கிறீனிச் நேரத்துக்கு 5 மணி 20 நிமிடம் முந்தியது. பிரித்தானிய ஆட்சியாளர் 1906இல் இலங்கை முழுமைக்கும் ஐந்தரை மணி நேரத்தை நியமித்தனர். அன்றிலிருந்து நல்லூரின் மணிக்கூடுகள் நல்லூரின் சூரியனைவிடப் பத்து நிமிடம் முந்தியே ஓடுகின்றன. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். ஓர் ஊரில் வண்டி புறப்படும் நேரமும் அடுத்த ஊரில் அது வந்து சேரும் நேரமும் ஒரே கணக்கில் இருக்கவேண்டும் அல்லவா? ஆகவே புகையிரத நிலையந்தான் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய நேரக் கணக்கின் பள்ளிக்கூடமாயிற்று.

எங்கள் தந்தையார் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்களுள் ஒருவர். புகையிரத நிலைய அதிபராகப் பளையிலும் கொடிகாமத்திலும் மதவாச்சியிலும் பணியாற்றியவர். கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956ஆம் ஆண்டிலேதான் அவர் தம் சேமிப்பைத் திரட்டிக் கொழும்புக் கோட்டையிலே ஓர் ஒமேகா சீமாஸ்டர் மணிக்கூட்டை வாங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தமிழருக்கு அந்த ஆண்டு எவ்வளவு இனிப்பும் கசப்புமாக இருந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மணிக்கூடு வாங்கியதைப்பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கசப்பு இராது.

ஒமேகா நிறுவனம் 1848இல் லூயி பிராண்ட் என்பவரால் சுவிற்சர்லாந்தின் லா ஷோ-டெ-பொன் நகரில் தொடங்கப்பட்டது. அதன் நூறாவது ஆண்டு நினைவாக 1948இல் வெளியானதே சீமாஸ்டர் வரிசை. தந்தையாரின் மணிக்கூட்டுக்குள் இருப்பது 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள இயந்திரம். 1939இல் அறிமுகமாகி 1963வரை ஏறத்தாழ 30 இலட்சம் செய்யப்பட்ட இவ்வகை இயந்திரங்கள், இங்கிலாந்தின் கியூ-டெடிங்டன் ஆய்வுகூடச் சோதனைகளிலே துல்லியத்துக்காகப் பெயர் பெற்றவை. தானாகச் சாவி ஏறும் வசதி கிடையாது. நாள்தோறும் காலையில் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கவேண்டும். தந்தையார் திருநீறு பூசியதும் செய்யும் முதற் காரியம் அதுதான். எத்தனை திருகு என்று எண்ணிக்கொண்டே திருகுவார். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

பின்னர் காலம் மாறியது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி டோக்கியோவில் செய்கோ நிறுவனம் 'அஸ்ட்ரொன்' என்ற முதலாவது குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறு பற்றரியின் மின்சாரத்தில் அதிரும் ஒரு படிகத் துண்டு, நூற்றாண்டுகளாக வளர்ந்த பற்சில்லுக் கலையைச் சில ஆண்டுகளில் தோற்கடித்துவிட்டது. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் 30,000 பேருக்குச் சற்று அதிகமானவர்களே. யாழ்ப்பாணத்திலும் இதன் சாயலைக் கண்டோம். மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கப் போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது தகப்பனுக்கும் மாமனுக்கும் பற்றரி மணிக்கூடு கொண்டுவந்தார்கள். சாவி கொடுக்கும் மணிக்கூடுகள் அலுமாரிக்குள் போயின. நானும் 1980களில் கட்டியது பற்றரி மணிக்கூடுதான். "உன்னுடையது நாளுக்கு ஒரு நொடிகூடப் பிழைக்காது. ஆனால் அது நின்றால் உன்னாலே என்ன செய்யேலும்?" என்று தந்தையார் ஒருமுறை கேட்டார். பழைய மனிதர்களின் பிடிவாதம் என்று எண்ணிச் சிரித்தேன்.

அந்தக் கேள்விக்கு விடை 1990இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. தேசிய மின்வழங்கல் அறுந்து குடாநாடு இருளில் மூழ்கியது. வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் எரிபொருளும் சீமெந்தும் இருந்ததைப்போலவே பற்றரியும் இருந்தது. ரோச் லைட்டுக்கும் வானொலிக்கும் உரிய பற்றரிகளையே எல்லோரும் நினைவிற் கொள்கிறார்கள். சட்டைப் பொத்தானிலும் சிறிய மணிக்கூட்டுப் பற்றரியைப்பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கைகளிலே அந்தப் பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. என்னுடையது 1991இல் ஒரு நாள் காலை 7.40 மணியோடு நின்றது. புதுப் பற்றரி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதன் விலை வாங்கக்கூடியதாக இல்லை.

அப்போது அலுமாரிகள் திறக்கப்பட்டன. ஒமேகா, ரோமர், பேவர்-லூபா என்று பாட்டன் காலத்து மணிக்கூடுகள் வெளியே வந்தன. சாவி கொடுத்தார்கள், ஓடின. உலகம் முழுவதும் பழம்பொருள் என்று ஒதுக்கியதை யாழ்ப்பாணம் தேவையின் பொருட்டு மீண்டும் கையிற் கட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு அருகே சின்னஞ்சிறு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர் இருந்தார். தொழில் அற்றுப்போய் இருந்தவருக்கு அந்த ஆண்டுகளில் இருக்க நேரமில்லை. பற்சில்லுகளைக் கழுவப் பெற்றோல் கிடையாது. வடித்த மண்ணெண்ணெயிற் கழுவினார். மணிக்கூட்டு எண்ணெய் கிடையாது. தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்தார். "இது தெரிந்து செய்கிற பிழை, தம்பி. ஒரு வருசத்திலே எண்ணெய் பிசினாகும். அதுக்குப் பிறகு கழட்டித் திரும்பவும் கழுவலாம். நிற்கிறதைவிட ஓடுறது நல்லதெல்லோ?" என்பார். கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே நாளிதழ் அச்சிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அவருடைய நியாயம் நன்றாக விளங்கியது.

அக்காலத்து இரவு ஒன்றை இங்கே சொல்லவேண்டும். லண்டன் பிபிசியின் தமிழோசை இரவு 9.15க்கு ஒலிபரப்பாகும். 2017இல் நிறுத்தப்படும்வரை உலகத் தமிழர் பலர் கேட்ட அந்த ஒலிபரப்பு, 1990களில் எங்களுக்கு வெளியுலகோடு இருந்த ஒரே கயிறு. வானொலிக்குப் பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியை உயிர்ப்பிப்போம். எந்நேரமும் சுழற்ற ஒருவராலும் இயலாது. எப்போது சுழற்றத் தொடங்குவது? தந்தையார் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் ஒமேகாவைப் பார்த்தபடி இருப்பார். 9.13 ஆனதும் "சுத்து" என்பார். சுற்றுவோம். இரண்டு நிமிடத்தில் செய்தி வரும். காலையில் அவர் விரல்கள் கொடுத்த சாவியும் இரவில் எங்கள் கைகள் கொடுத்த சுழற்சியும் சேர்ந்துதான் எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கிகள் அறிவித்தன. ஓரிரவில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் தெருவுக்கு வந்தனர். நல்லூரிலிருந்து செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஓரிரவு முழுவதும் போதவில்லை. ஓர் அடி வைத்தால் ஒன்பது நிமிடம் நிற்கவேண்டிய நெரிசல். மழையும் பெய்தது. தந்தையார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு தகரப் பெட்டியை அணைத்தபடி நடந்தார். கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் கைதடியிலே ஒரு மரத்தடியில் அமர்ந்தபோது வழக்கம்போலச் சாவி கொடுக்கப் பார்த்தார். குமிழ் திருகவில்லை. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. முட்கள் 2.25இல் நின்றிருந்தன. எத்தனை பேருடைய எத்தனை இழப்புகளைக் கண்ட இரவு அது! ஒரு மணிக்கூடு நின்றதைச் சொல்வதற்கே நாக்கூசுகிறது. அவரும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

1996ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பினர். நாங்களும் நல்லூருக்கு வந்தோம். கூரை பாதி இருந்தது. கிணறு இருந்தது. வந்த சில நாள்களுக்குள்ளேயே ஒரு புதினமான அறிவிப்பு வந்தது. மழையின்றி நீர்மின் நிலையங்கள் வற்றியமையால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு நாட்டின் மணிக்கூடுகள் அனைத்தும் மே 25ஆம் திகதி முதல் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும் என்றது அரசாங்கம். ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணி நேரம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி நேர வேறுபாடு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நிலைத்தது. அதாவது, சூரியனைவிடப் பத்து நிமிடம் முந்தியிருந்த நல்லூர் மணிக்கூடு இப்போது நாற்பது நிமிடம் முந்தலாயிற்று. பிள்ளைகள் இருட்டோடு பள்ளிக்கூடம் போனார்கள். 9.15க்கு வந்த தமிழோசை 9.45க்கு வந்தது.

மின்சாரமே இல்லாதிருந்த ஊர் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது என்பதில் உள்ள நகைச்சுவையைத் தந்தையார் நன்கு உணர்ந்திருந்தார். 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்ற இரண்டு சொற்கள் எங்கள் பேச்சில் அன்று புகுந்தன. கலியாண அழைப்பிதழிலே சுபமுகூர்த்தத்தைக் குறிப்பவர் அது எந்த நேரம் என்றும் சொல்லவேண்டியிருந்தது. வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரே தீவில் இரண்டு நேரங்கள். 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது செய்தி சேகரிக்க நான் பலமுறை அவ்வழியே சென்றேன். முகமாலையைக் கடந்ததும் மணிக்கூட்டை அரை மணி நேரம் பின்னே தள்ளுவேன். ஓமந்தையைக் கடந்ததும் மீண்டும் முன்னே தள்ளுவேன். கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதுபோலக் கைமணிக்கூட்டின் குமிழை இழுத்துத் திருகிய காலம் அது.

தந்தையார் 1999இல் காலமானார். புதிய நேரத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. "என்ர மணிக்கூட்டுக்கு இது தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். நின்றுபோன மணிக்கூட்டைக் குறித்து அவர் சொன்ன ஒரே வாசகம் அதுதான். 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏப்ரல் 15ஆம் திகதி, இலங்கை மீண்டும் ஐந்தரை மணி நேரத்துக்குத் திரும்பியது. அதைக் கொண்டாட அவர் இல்லை. மணிக்கூடு தகரப் பெட்டிக்குள் துருப்பிடித்துக் கிடந்தது.

2011இல் பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். நாற்பது ஆண்டு அவசரமாகவே எழுதி வாழ்ந்தவனுக்கு ஓய்வு ஒரு நோய்போல இருந்தது. அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். திருத்தக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். கொழும்பில் ஒரு கடையில் காட்டினேன். "இயந்திரத்தை எறிந்துவிட்டுக் குவார்ட்ஸ் இயந்திரம் போட்டுத் தருகிறோம், முகப்புக்கும் புதுச் சாயம் அடிக்கலாம்" என்றார்கள். அவர்கள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் எனக்கு 1991இல் நின்ற என்னுடைய மணிக்கூடு நினைவுக்கு வந்தது. திரும்பி வந்துவிட்டேன். எங்கள் ஊர்க் கண்ணாடிப் பெட்டி முதியவர் அப்போதும் இருந்தார். கண்பார்வை மங்கியமையால் தொழிலை விட்டிருந்தார். "நான் கையாலே செய்யமாட்டன், வாயாலே சொல்லித்தாறன்" என்றார். அவர் சொல்ல நான் செய்ய, எங்கள் விறாந்தையில் வேலை தொடங்கியது.

மணிக்கூட்டைப் பிரிப்பதற்குமுன் சுருள்வில்லின் விசையை மெல்ல மெல்ல வெளியேற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒரு திருகாணியைக் கழற்றும்போதே பற்சில்லுகள் வெறிகொண்டு சுழன்று பல் முறியும். முட்கள், முகப்பு, ஊசலாடும் பலன்ஸ் சில்லு, நெம்புகோல், பாலங்கள், பற்சில்லுகள் என்று ஒழுங்கு தவறாமல் கழற்றவேண்டும். கழற்றிய ஒழுங்கிலேயே வெள்ளைத் துணியில் வைக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்துக்கொள் என்று நான் வாசித்த நூல்கள் கூறின. முதியவரோ, "கழட்டினதை உடனே திரும்பப் பூட்டு. பத்துத் தரம் பூட்டின பிறகு அடுத்ததைக் கழட்டு" என்றார். அவர் சொன்னதையே செய்தேன். ஒரு மாதம் பிடித்தது.

உள்ளே பார்த்தபோது வியப்பாக இருந்தது. செம்பு நிறப் பூச்சுக்கொண்ட பாலங்கள் 1956இல் வந்தபடியே மின்னின. துரு முழுவதும் குமிழின் பக்கத்திலேயே இருந்தது. நாவற்குழி மழை அந்தத் துவாரத்தின் வழியாகவே புகுந்திருந்தது. சாவித் தண்டும் அதைச் சார்ந்த சிறு சில்லுகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அதற்கு அப்பால் இருந்த பற்சில்லுத் தொடர் தப்பியிருந்தது.

அந்தத் தொடரின் கணக்கு அறிந்து மகிழத்தக்கது. நொடிமுள்ளைத் தாங்கும் சில்லு நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். அது அடுத்த சில்லை நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுச் சுழற்றும். வில்லின் விசையைத் துளித்துளியாக விடுவிக்கும் சில்லு அதுதான். அதற்குப் பதினைந்து பற்கள். ஒவ்வொரு பல்லும் நெம்புகோலை இருமுறை தட்டும். ஆக நிமிடத்துக்கு 300 தட்டு, மணிக்கு 18,000, நாளொன்றுக்கு 4,32,000. நாளுக்கு ஒரு நிமிடம் பிழைத்தால்கூட அது ஆயிரத்து நானூற்று நாற்பதில் ஒரு பங்குதான். இவ்வளவையும் செய்விப்பது காலையில் விரல்கள் கொடுக்கும் சில திருகு. சுழலும் அச்சுகளின் முனைகள் தலைமயிர் அளவே பருமனானவை. அவை தேயாதிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்களின் துளைகளில் அமர்த்தப்பட்டிருக்கின்றன. வெப்பத்தால் நீண்டும் குளிரால் சுருங்கியும் பிழை செய்யாத மெல்லிய சுருளுக்கு அடிப்படை, நிக்கலும் உருக்கும் கலந்த உலோகங்களைப்பற்றிய ஆய்வு. அதற்காகவே சாள் எடுவா கியோம் 1920இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நல்லூரின் ஆவணி வெயிலிலே ஒரு மணிக்கூடு நிதானந் தவறாது ஓடுகிறதென்றால் அவருக்கும் நாம் கடன்பட்டவர்களே.

பிழை செய்யாமல் கற்றேன் என்று சொன்னால் அது பொய். பலன்ஸ் சில்லைத் தூக்கும்போது சாவணம் நழுவி அதன் மெல்லிய சுருளை வளைத்துவிட்டேன். மூச்சு நின்றதுபோல இருந்தது. தந்தையாரின் கையில் நாற்பதாண்டு பழுதின்றி ஓடியதை, மழையும் கெடுக்காமல் விட்டதை, நான் கெடுத்துவிட்டேன். இரண்டு வாரம் மேசைப்பக்கமே போகவில்லை. முதியவர் கேள்விப்பட்டு வந்தார். திட்டவில்லை. "வளைந்தது நிமிரும், முறிஞ்சதுதான் நிமிராது" என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், இரண்டு ஊசிகளால், ஒரு நாளைக்கு ஒரு சிறு திருத்தம் என்று பதினொரு நாளில் அதை நிமிர்த்தினேன். சில்லுகளின் துளைகளைத் துடைக்கக் கடைச் சாமான் வேண்டாம் என்று பனை ஈர்க்கைக் கூராகச் சீவிக் கொடுத்தவரும் அவர்தான்.

துருவேறிய பாகங்கள் நிமிர்த்தக் கூடியவையல்ல. லண்டனில் உள்ள என் மருமகன் அதே வகை இயந்திரமுள்ள பழுதான மணிக்கூடொன்றை வாங்கி அனுப்பினான். சாவித் தண்டும் அதைச் சார்ந்த நான்கு பாகங்களும் அதிலிருந்து வந்தன. சுருள்வில்லும் புதிது. அப்படியானால் இது தந்தையாரின் மணிக்கூடுதானா என்று மருமகன் தொலைபேசியில் கேட்டான். நல்லூரில் இருப்பவனிடம் கேட்கத் தகுந்த கேள்விதான் அது. பழைய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவெய்ரா 1621இல் தரைமட்டமாக்கினான். இன்றைய கோயில் 1734இல், வேறோரிடத்தில், புதிதாக எழுந்தது. கல்லும் வேறு, நிலமும் வேறு. ஆயினும் இது வேறு கோயில் என்று இங்கு எவரும் சொல்வதில்லை. பூசை தொடர்ந்தது, ஆகவே கோயிலும் தொடர்ந்தது. நகரத்து மணிக்கூட்டுக் கோபுரமும் அவ்வாறே. 1875இல் வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்த அது போரிற் சிதைந்தது. 1998இல் இலங்கைக்கு வந்த, பின்னாளில் மன்னரான சார்ள்ஸ் இளவரசரின் உதவியோடு, புதிய மணிக்கூடுகளுடன் 2000களின் தொடக்கத்தில் மீண்டெழுந்தது.

ஆனால் எதையும் மாற்றலாம் என்று இதற்குப் பொருளில்லை. முகப்பைப்பற்றி நான் நெடுநாள் யோசித்தேன். வெள்ளி நிற முகப்பில், குமிழிருக்கும் 3 மணிப் பக்கத்திலிருந்து 4 மணியை நோக்கி ஒரு பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. சாயம் அடித்தால் போய்விடும். புதிது போலவே இருக்கும். ஆனால் அந்தக் கறைதான் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. எங்கள் வீட்டில் அவ்விரவைப்பற்றி எழுத்தில் ஒன்றுமில்லை. ஒளிப்படம் இல்லை. செய்தியாளனாகிய நானே அன்று ஒரு வரியும் எழுதவில்லை. ஓடுவதற்குத் தடையாக இருந்த துருவை நீக்கினேன். ஓடுவதற்குத் தடையில்லாத கறையை விட்டுவிட்டேன்.

இவ்வேலையில் இறங்க விரும்பும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1960களுக்கு முற்பட்ட சில மணிக்கூடுகளில் இருளில் ஒளிரும்படி எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். அதன் ஒளி மங்கியிருக்கலாம், கதிரியக்கம் மங்காது. அத்தகைய பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. நல்லவேளையாகத் தந்தையாரின் மணிக்கூட்டில் அது இல்லை.

2012ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. கடைசித் திருகாணியைப் பூட்டி, துளியளவு எண்ணெய் வைத்து, குமிழை மூன்று முறை திருகினேன். பலன்ஸ் சில்லு ஒருமுறை தயங்கியது. பிறகு ஆடத் தொடங்கியது. முதியவர் கண்ணால் பார்க்க இயலாமல் காதருகே பிடித்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டுவிட்டு, "ஒரு கால் கொஞ்சம் நொண்டுது. ஆனால் நடக்குது" என்றார். அந்த நொண்டலையும் பின்னர் சரிசெய்தேன். இப்போது நாளுக்கு இருபது நொடி முந்துகிறது. பேரன் தன் கைத்தொலைபேசியைக் காட்டிச் சிரிக்கிறான். நான் 1980களில் சிரித்த அதே சிரிப்பு.

அன்று மாலை ஓடத் தொடங்கிய மணிக்கூட்டில் நேரத்தைச் சரிசெய்ய முட்களை 2.25இலிருந்து நகர்த்தும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த மணிக்கூடு பழைய நேரத்தில் நின்றது. புதிய நேரம் வந்தபோதும், முகமாலையில் இரண்டு நேரங்கள் சந்தித்தபோதும் இது பெட்டிக்குள் இருந்தது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே வந்துவிட்டிருந்தது. தந்தையார் சொன்னது சரி. அவருடைய மணிக்கூட்டுக்குப் புதிய நேரம் தெரியாது. அந்தப் பத்தாண்டில் மாறி மாறித் திருகிய மணிக்கூடு என்னுடையதுதான்.

முதியவரும் இப்போது இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நான் திருநீறு பூசியபின் சாவி கொடுக்கிறேன். எத்தனை திருகு என்று எண்ணுகிறேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதில்லை. கோயில் மணி ஒலித்ததும் கைகூப்பி, பிறகு இடது கையைத் திருப்பிப் பார்க்கிறேன். இருபது நொடி பிழையை மன்னித்து, "சரி" என்கிறேன்.